பழைய கார்களும் பழமை மோகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிலே ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய மோட்டார்க் கார்கள் இன்று அருகிவிட்டன. வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் வரிசையாக நின்ற அவ்வண்டிகள், இப்பொழுது மெருகூட்டப்பட்டு, மலர்மாலை சூட்டப்பட்டு, திருமண ஊர்வலங்களிலே காட்சி தருகின்றன. அவற்றின் மறைவையிட்டு எழும் ஏக்கக் குரல் நாளுக்கு நாள் வலுத்து வருகின்றது. நினைவுக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுக்களிலும், புலம்பெயர்ந்தோரின் ஊர்க் கதைகளிலும் பழைய கார் ஒரு பொற்காலத்தின் சின்னமாகிவிட்டது. இவ்வேக்கம் தீங்கற்றதொன்று என்றே பலரும் கருதுவர். அது தீங்கற்றதன்று, போற்றவேண்டியதை மறைத்துப் போற்றத்தகாததைப் போற்றுகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வேக்கத்தின் முதலாவது தூண், 'அக்கால வெள்ளைக்காரன் செய்த பொருள். அதனாலேதான் நின்று பிடித்தது' என்னும் கூற்று. இதில் ஓரளவு உண்மையுண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் சிறந்ததொரு பொறியியற் படைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் உற்பத்தி செய்யப்பட்ட பின்னரே, 1970 களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு வினா எழுகின்றது. அதே தொழிற்சாலையில், அதே இரும்பினாற் செய்யப்பட்ட வண்டிகள் பிரித்தானியாவில் என்னவாயின? மாரிகாலத்தில் வீதிகளில் இடப்படும் உப்பினால் துருவேறிப் பெரும்பாலானவை பழைய இரும்புக் குவியலைச் சென்றடைந்தன. பழுதானதைத் திருத்துவதிலும் பார்க்கப் புதியதை வாங்குவது அங்கே மலிவாயிருந்தது. எனவே இரும்பின் தரம் ஒன்றே நீண்ட ஆயுளுக்குக் காரணமாகாது.

இலங்கையில் நிலைமை வேறு. 1950 களின் பிற்பகுதியிலிருந்து நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புத் தேயத் தொடங்கியது. 1960 களின் தொடக்கத்தில் மோட்டார்க் கார் இறக்குமதி கடுமையான கட்டுப்பாட்டுக்குள்ளானது. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வரும்வரை, முன்னர் வந்திறங்கிய வண்டிகளைக் கொண்டே நாடு ஓடவேண்டியிருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காதபோது அதனைக் கடைந்தெடுத்தவன் நம்மூர்த் தொழிலாளி. தேய்ந்த உருளையைத் துளைத்துப் பெருப்பித்ததும், உக்கிப்போன அடித்தட்டை வெட்டியெறிந்து புதிய தகரத்தை ஒட்டியதும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தியதும் அவனே. இத்திறன் தீவு முழுவதற்கும் பொதுவானது. 1990 களில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பது மனங்கொள்ளத்தக்கது. வண்டியைப் படைத்த நாடு, அதன் பாகங்களுக்கு அதனைப் பேணிய நாட்டை நாடி வந்தது. 'வெள்ளைக்காரன் செய்த பொருள்' என்று பெருமூச்சு விடுவோர், அப்பொருளைத் தலைமுறை தலைமுறையாக மறுபடியும் மறுபடியும் செய்தவனின் பெயரை உச்சரிப்பதில்லை.

இரண்டாவது தூண், அக்காலம் பொற்காலம் என்னும் கற்பனை. யாருக்குப் பொற்காலம்? கார் வைத்திருந்தோர் வைத்தியர், வழக்கறிஞர், உயர் உத்தியோகத்தர், வணிகர் முதலிய சிறு பகுதியினரே. ஏனையோருக்குக் கார் என்பது அந்தர ஆபத்துக்கு வாடகைக்கு அமர்த்தும் வண்டி. அவ்வண்டியைச் செலுத்தியவனோ பல வேளைகளில் அதன் சொந்தக்காரனல்லன். இந்த வேறுபாடுகளை மறந்துவிட்டு 'நாங்கள் எல்லோரும் ஏ40 இல் ஏறித் திரிந்த காலம்' என்று பேசுவது வரலாறாகாது.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். பழைய கார்களைச் சேகரிப்போர் 'ஸ்ரீ' இலக்கத்தகடு உள்ள வண்டியை விசேடமாகப் போற்றுவர்; பழமைக்கு அத்தகடு சான்றாம். அத்தகட்டின் கதை என்ன? 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதைத் தொடர்ந்து, 1957 முதல் வாகன இலக்கத்தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டது. அதற்கெதிராகத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது. 1958 இல் அரசமயமாக்கப்பட்ட பேருந்துகள் அவ்வெழுத்துடன் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மூண்டது. தென்னிலங்கையில் தமிழ் எழுத்துக்கள் தார் பூசி அழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஓர் எழுத்துக்காக மக்கள் சிறை சென்ற வரலாற்றைச் சுமந்து நிற்கும் தகட்டை, வெறும் அழகுப் பொருளாகத் துடைத்துப் பளபளக்க வைக்கிறது பழமை மோகம். ஞாபகத்தின் பெயரால் நடைபெறும் மறதி இதுவேயாம்.

மூன்றாவது தூண் மிகவும் நுட்பமானது. போர்க்கால வாழ்வைக் காவியமாக்குவது. 1990 இல் மீண்டும் போர் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் இல்லாதொழிந்தது. அப்பொழுது பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் பாதுகாத்து வைத்த சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலில் வெப்பம் வேண்டும். உயர் அழுத்தத்தில் அது காலத்துக்கு முந்தியே தீப்பற்றி இயந்திரத்தை உதைக்கும். ஆதலால் அழுத்தவிகிதம் குறைந்த பழைய இயந்திரமே அதற்கு இசைந்தது. இந்த அறிவைப் பல்கலைக்கழக விரிவுரை எதுவும் அம்மெக்கானிக்குகளுக்கு வழங்கவில்லை. கைகளினாலும் காதுகளினாலும் அவர்கள் கண்டடைந்த அறிவு அது. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்ததும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது முதியோரைத் தென்மராட்சிக்கு ஏற்றிச் சென்றதும் புகை கக்கிய இவ்வண்டிகளே.

ஆயினும் இதனைச் சொல்லும் முறையொன்றுண்டு. 'எதுவுமின்றியே எப்படி வாழ்ந்தோம்' என்று பூரிப்பது, எதுவுமில்லாமற் செய்த தடையை மன்னித்துவிடுவதில் முடியும். மண்ணெண்ணெயில் ஓடியதால் இயந்திரங்கள் தேய்ந்தன. புகையைச் சுவாசித்தோர் இருமினர். எரிபொருளின்றி வாகனம் கிடைக்காத வீடுகளும் இருந்தன. திறமையைப் போற்றுவோம், திறமையைக் கட்டாயமாக்கிய கொடுமையைப் போற்றோம்.

இக்கார்கள் மறைந்ததும் மர்மமன்று. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது புதிய வாகனங்கள் வரத்தொடங்கின. 2006 இல் அது மூடப்பட்டு, 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட, குத்தகைக் கடன் வழங்கும் நிறுவனங்கள் நகரெங்கும் கிளைவிட்டன. முச்சக்கர வண்டியும், சிறிய இந்திய, யப்பானியக் கார்களும் வாடகைத் தொழிலைக் கைப்பற்றின. நாள் முழுவதும் உழைக்கும் ஒரு சாரதி, மற்றவர்களின் ஏக்கத்தைத் தணிப்பதற்காக எரிபொருளை விழுங்கும் பழைய வண்டியை ஓட்டவேண்டும் என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆகவே பழைய காரை மீண்டும் வீதிக்குக் கொணர்வது நமது கோரிக்கையன்று.

அப்படியாயின் நாம் இழந்தது யாது? திருத்தமுடியும் என்ற நம்பிக்கையையும், திருத்தும் அறிவையுமே இழந்து வருகின்றோம். இன்றைய வண்டியின் உள்ளே மின்னணுப் பெட்டிகள் பூட்டப்பட்டுள்ளன; அவற்றை வாசிக்கும் கருவியோ முகவரிடம் உள்ளது. உறுப்புப் பழுதானாற் கழற்றி எறிந்து புதிதாக வாங்குவதே வழி. அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 இலேயே நீங்கியது. 2022 இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றது. 1960 களின் பிரச்சினை மறுபிறவி எடுத்ததை இவை உணர்த்தவில்லையா? அதனை எதிர்கொள்ளும் கைகள்தாம் குறைந்துவிட்டன. மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்கள் அறிந்தது எங்கும் எழுதப்படவில்லை.

எழுதப்படாமைக்கு நாமும் பொறுப்பாளிகள். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளை ஆராய்கின்றோம். 'எஞ்சின்' சரியா 'எந்திரம்' சரியா என்று பட்டிமன்றம் நடத்துகின்றோம். ஆனால் கராஜில் எண்ணெய்க் கையோடு நின்றவன் ஒவ்வொரு உறுப்புக்கும், ஒவ்வொரு ஓசைக்கும், ஒவ்வொரு பழுதுக்கும் வழங்கிய சொற்களைச் சேகரிக்க எந்தத் தமிழ்ச் சங்கம் முயன்றது? கைத்தொழிலைத் தாழ்ந்ததாகவும் ஏட்டுக் கல்வியை உயர்ந்ததாகவும் கருதும் நமது சமுதாயத்தின் பழைய நோய் இங்கும் தொடர்கின்றது. கார் பழையதானதும் அதற்கு மாலை சூட்டுகின்றோம். அதனைக் காத்தவன் முதியவனானதும் அவனைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

பொறியியற் பீட மாணவர் அளவுகோலும் குறிப்பேடும் கொண்டு கராஜ்களுக்குச் செல்லட்டும். மொழியியல் பயில்வோர் அங்கு வழங்கும் சொற்களைப் பதிவு செய்யட்டும். வரலாற்று மாணவர் இறக்குமதிக் கட்டுப்பாடு, ஸ்ரீ எதிர்ப்பு, பொருளாதாரத் தடை ஆகியவற்றை அவ்வண்டிகளின் வாழ்வோடு இணைத்து எழுதட்டும். இவ்வேலைக்கு இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. மெருகிட்ட வண்டியின் முன்னே நின்று படம் பிடிப்பதற்கு எவராலும் முடியும். அதன் மூடியைத் திறந்து, உள்ளே யாருடைய கைகள் வேலை செய்தன என்று கேட்பதே கற்றோர் கடனாகும்.