திறக்காத டின்



கரியாலூரில் ஒரு தாயின் வீட்டுப் பலகையில் அன்னாசிப்பழ டின் ஒன்று ஆண்டுக்கணக்கில் இருந்தது. கேரளத்திற்கு வேலைக்குச் சென்ற மகன் அனுப்பியது. "பையன் வந்ததும் கேக் செய்வேன், சாமி" என்பார். மகன் வரவில்லை. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் பார்த்தால், டின் உப்பியிருந்தது. உப்பிய டின்னுக்குள் நஞ்சு விளைந்திருக்கக்கூடும். திறவாமலே அகற்ற வேண்டும். குழி தோண்டிப் புதைத்தோம். அவர் அழுதார்.

1810இல் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர், உணவைக் காற்றுப்புகாமல் அடைத்துக் கொதிநீரில் காய்ச்சிக் காக்கும் முறையை நூலாக வெளியிட்டார். காப்பது, ஒருநாள் உண்பதற்கன்றோ?

வேறொரு டின் வாங்கினோம். வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 150 கிராம் இரண்டையும் குழைத்து, முட்டை 2 அடித்துச் சேர்த்து, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டியுடன் சலித்த மைதா 200 கிராமையும், டின்னில் வடித்த பாகில் அரைக் குவளையையும் கலந்தார். நெய் தடவிய பாத்திரத்தின் அடியில் பழத்துண்டுகளைப் பரப்பி, மேலே மாவை ஊற்றினார். மணல் பரப்பிச் சூடேற்றிய அண்டாவில் வைத்து மூடி, சிறுதீயில் முக்கால் மணி நேரம். ஆறியபின் கவிழ்த்தால், பழம் மேலே பொன்னாய் மின்னியது.

திறந்த டின்னில் பழத்தை மிச்சம் வைக்கலாகாது. ஆகவே அண்டை வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அழைக்கப்பட்டனர். அன்றிரவு மகனிடம் தொலைபேசியில் அத்தாய் சொன்னார்: "உன் பங்கை ஊர்ப் பிள்ளைங்க சாப்பிட்டாங்கப்பா."

பாலைவெளியில் மறுநாளுக்கென ஒதுக்கிய மன்னாவில் புழு வைத்தது (வி.ப. 16:20). அன்பும் அவ்வாறே. நம் வீட்டுப் பலகையில் திறக்காமல் இருப்பது எது?