ரவுட்டர் போகும் வீட்டுக்குத் தொலைபேசி இலக்கமும் போகட்டும்

ரிவர்ஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் மேகத்துக்குள் தலையை நீட்டி நிற்கிறது. அதைக் கடந்து லக்கல பக்கம் இறங்கத் தொடங்கினால் போனில் உள்ள கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஒரு வளைவில் பேசலாம், அடுத்த வளைவில் முடியாது. நக்கிள்ஸ் மலை மடிப்புகளில் வாழும் மாத்தளை மக்களுக்கு இது பழகிப்போன சங்கதி.

இப்போது அந்தப் பள்ளங்களுக்கும் இணையம் எட்டும் காலம் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் செய்மதி இணையம், 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு 4ஜி ரவுட்டர்களும் பெருகுகின்றன. வரவேற்கிறோம். ஆனால் ஸ்டார்லிங்க் தட்டுடன் தொலைபேசி இலக்கம் வருவதில்லை. பட்டன் போன் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு அந்த இணைப்பால் என்ன பயன்? நடுச்சாமத்தில் நெஞ்சுவலி என்றால் வட்ஸ்அப்பில் 1990 ஐ அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்க முடியாது.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. 2005 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிடிஎம்ஏ போன் மலைநாட்டுக்கு வந்தது. கம்பி இழுக்கத் தேவையில்லை. சிக்னல் பிடிக்கும் ஜன்னலோரத்தில் வைத்தால் போதும். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால் பக்கத்து வீடுகளும் அந்த இலக்கத்தையே கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்திருந்தன. இன்று அதே ஜன்னலோரத்தில் ரவுட்டர் இருக்கிறது. பல வீடுகளில் ரிசீவர்தான் இல்லை.

கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையம் தரும் எந்த நிறுவனமும் குரல் அழைப்பையும் சேர்த்தே தர வேண்டும் என்பது எமது உறுதியான நிலைப்பாடு. தொழில்நுட்பம் இதற்குத் தடையல்ல. ஓர் அழைப்புக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும். ஒரு வீடியோ பார்ப்பதற்கு அதைவிடப் பல மடங்கு தேவை. சில 4ஜி வீட்டு இணைப்புகளில் குரல் சேவை ஏற்கெனவே இருக்கிறது. குரலில் இலாபமில்லை என்று நிறுவனங்கள் சொல்லலாம். கிராமத் தொலைத்தொடர்பை வளர்க்கவென்று வெளிநாட்டு அழைப்புகளில் பணம் அறவிடத்தான் 2004 இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்த நோக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு வேறென்ன?

பெரிய நிறுவனங்கள் போக மறுக்கும் இடங்களில் ஊராரே செய்யட்டும். நேபாளத்தில் மஹாபீர் புன் மலைக்கிராமங்களைக் கம்பியில்லா வலையமைப்பால் இணைத்தார்; அதன் வழியே தொலைபேசியும் நடந்தது. மெக்சிகோவின் ஓஹாக்காவில் 2013 இல் ஒரு மலையூர் தன் சொந்தக் கைபேசி வலையமைப்பை இயக்கியது. 2016 இல் அத்தகைய சமூக அமைப்புக்கு அரசு உரிமமும் தந்தது. நம் அநுராதபுரத்து மகாவிலச்சியவில் 2006 இலேயே வீடுகளை இணைத்த மெஷ் வலையமைப்பு இருந்தது. தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கமோ சிறு நிறுவனமோ முன்வந்தால், தாங்கக்கூடிய கட்டணத்தில் உரிமமும் இலக்கத் தொகுதியும் பெரிய வலையமைப்புகளுடன் இணைப்பும் கொடுக்க, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழி திறக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மாத்தளை மலைகளையும் புரட்டிப்போட்டது. மண் சரிந்தது, பாதை அறுந்தது, மின்சாரம் போனது. மலைநாட்டின் பல இடங்களில் கோபுரங்களும் ஊமையாகின. "கரண்ட் போனா போனும் போயிரும்" என்று மலையகத்தில் சொல்வது அந்த நாட்களில் உயிர்ப் பிரச்சினையானது. ஆகவே குரல் சேவையுடன் பேட்டரியும் கட்டாயமாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் போடும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றே சாதாரண ரவுட்டரைப் பல மணி நேரம் ஓட வைக்கும். கோபுரத்துக்கு அதைவிடப் பெரிய ஏற்பாடு தேவை. அது நிறுவனத்தின் கடமை.

இன்னொன்றையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கே போகிறது. இணைப்பைப் பதியும்போதே தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், வாகனம் வரக்கூடிய கடைசிச் சந்தி எல்லாவற்றையும் எழுதி, அவசர சேவைகளின் திரையில் தெரியும்படி செய்யுங்கள். அழைப்பவர் தமிழில் பேசினால் மறுமுனையிலும் தமிழில் பதில் வரட்டும்.