கைக்குழந்தைகளுடன் கோவளத்தில்



ஊருக்குப் போகும் காலம் நெருங்கினால் நம் சங்கத்துக் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இரண்டும் சின்னஞ்சிறு குழந்தைகள், இவர்களை வைத்துக்கொண்டு கடற்கரை விடுதியில் தங்குவது உசிதந்தானா?" என்பதே அது. சென்ற டிசம்பரில் நாங்கள் திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் நான்கு நாட்கள் தங்கினோம். மூத்தவளுக்கு மூன்றரை வயது. இளையவனுக்குப் பதினான்கு மாதம். அங்கே கற்றுக்கொண்டதை இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது மாதம். நம்மவருள் பலர் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் ஊர் வருகிறார்கள். கேரளக் கரையில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் சீற்றத்துடன் இருக்கும். கரை மணலையே அலைகள் வாரிக்கொண்டு போவதும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். குழந்தைகள் பள்ளியில் சேரும்வரைதான் மாதத்தை நாமே தேர்ந்துகொள்ள முடியும். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது இடம். கோவளம் என்பது ஒரே கரையன்று. பாறை முனைகள் பிரித்து வைத்த மூன்று கரைகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. தெற்கே குன்றின்மேல், 1972-இல் ஒளியேற்றிய விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ள கரையிலும், அதை அடுத்த ஹவ்வா கரையிலும் கூட்டம் மிகுதி. வடக்கே உள்ள சமுத்ரா கரையில் சந்தடி குறைவு. பகலில் இரண்டு முறை உறங்கும் குழந்தை உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது. மணலில் இல்மனைட், மோனசைட் முதலிய தாதுக்கள் கலந்திருப்பதால் ஆங்காங்கே கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கும். வெள்ளை உடுப்புகளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

உணவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. காலையில் இட்லி கிடைக்கிறது. கேரளத்தார் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் நேந்திரங்காய்ப் பொடியை நகரத்துக் கடைகளில் வாங்கிக்கொண்டோம். விடுதிச் சமையற்காரரிடம் சொன்னால் கஞ்சியாகக் காய்ச்சித் தருகிறார். காய்ச்சி ஆறிய நீரைக் கேட்டு வாங்குவதும் அங்கே எளிது.

இனி, நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

இப்பயணத்துக்கு நாகர்கோவிலிலிருந்து என் மாமனாரையும் மாமியாரையும் உடன் அழைத்தோம். அத்தை முதலில் இசையவில்லை. "வீடு இருக்கையில் விடுதி எதற்கு? காசுக்குப் பிடித்த கேடு!" என்றார். இன்னோர் அறைக்கு ஆகும் செலவை எண்ணி நானுங்கூட மனத்துக்குள் தயங்கியதை ஒளிப்பானேன்? மாமாதான், "பேரப்பிள்ளைகளோடு நாலு நாள் இருப்போமே" என்று சொல்லி அவரை வண்டியில் ஏற்றினார்.

இரண்டாம் நாள் காலை. வானம் தெளிவாயிருந்தது; காற்றும் இல்லை. மூத்தவள் ஈரமணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் இளையவனுக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையை அவர் பார்த்துக்கொள்கிறார் என்று நான் இருந்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் இருந்தார். அதுவரை வந்த அலைகளையெல்லாம் விஞ்சிய ஓர் அலை நாலைந்து கெஜம் கூடுதலாக ஏறி வந்து, திரும்புகையில் அவள் காலடி மணலைப் பறித்தது. அவள் சறுக்கி விழுந்தாள். நான் குரலெடுக்குமுன் அருகில் அமர்ந்திருந்த அத்தை அவள் பாவாடையைப் பற்றி இழுத்துவிட்டார். இரண்டே விநாடி. அத்தையின் முழங்காலில் சிராய்ப்பு, குழந்தைக்கு ஒன்றுமில்லை.

ஊதலை ஊதிக்கொண்டு ஓடிவந்த உயிர்காப்பாளர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பல அலைகளுக்கு ஒருமுறை இப்படிப் பெரிதாக ஒன்று வரும்; ஏறி வரும் நீரைவிடத் திரும்பும் நீருக்குத்தான் அஞ்ச வேண்டும்" என்று மலையாளத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. கேரள மீனவர்கள் அதனைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உண்டாகும் அலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் திருடனைப்போல் கரையேறிவிடும். பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. அச்சொல்லை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை கொண்டுபோனது இத்தகைய ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பாருங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

அன்று முதல் ஒரு விதி செய்துகொண்டோம். கரையில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். அவர் கையில் வேறெதுவும் இருத்தலாகாது. பொறுப்பு மாறும்போது, "இனிப் பாப்பா உங்கள் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும். கேலியாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பேர் பார்க்கும் குழந்தையை யாருமே பார்க்காத கணம் எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது என்பதை நான் அறிவேன்.

இன்னொன்றும் அறிந்தேன். நாங்கள் ஊர் வரும் நாட்களில் அத்தை எப்போதும் அடுக்களையிலேயே இருப்பார். மகனுக்குப் பிடித்தது, மருமகளுக்குப் பிடித்தது என்று சமைத்தே விடுமுறை முடிந்துவிடும். கோவளத்தில் அடுப்பில்லை. நாலு நாளும் அவர் மணலிலேயே கால் நீட்டி அமர்ந்திருந்தார்; இளையவன் அவர் மடியிலேயே உறங்கினான். கைப்பேசித் திரையில் மட்டுமே ஆச்சியைக் கண்டிருந்த மூத்தவள், புறப்படும் நாளன்று அவர் சேலைத் தலைப்பை விடவேயில்லை.

அந்த இன்னோர் அறைக்குக் கொடுத்த பணத்தை நான் இப்போது செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.