வாத்தியார் இல்லாத கிடார்

செம்பரம்பாக்கம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும்; 2015ஆம் ஆண்டு வெள்ளம் நினைவுக்கு வரும். விடியற்காலையில் அங்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு வேறொரு வெள்ளம் தெரியும். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. உள்ளே உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்களில் பலர் இருபதைச் சுற்றிய வயதினர். திருவண்ணாமலைப் பக்கம், விழுப்புரம் பக்கம், பீகார், ஒடிசா என்று பல ஊர்ப் பிள்ளைகள். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் மாலை, அதற்கடுத்த வாரம் இரவு.

இவர்களில் ஓர் இளைஞன் தீபாவளி போனஸில் ஒரு கிடார் வாங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவது சுலபம். கற்பது எப்படி? பூந்தமல்லியிலோ போரூரிலோ வகுப்பு நடக்கலாம். "செவ்வாய், வியாழன், மாலை ஆறு மணி" என்பார் ஆசிரியர். மாலை ஷிப்டு வாரத்தில் அந்த ஆறு மணிக்கு அவன் ஏதோ ஒரு கார்க் கதவுக்கு ரப்பர் பொருத்திக்கொண்டிருப்பான். இரண்டு மாதத்தில் கிடார் சுவரில் ஆணியடித்துத் தொங்கும், தந்தி துருப்பிடிக்கும். "இவனுக்குச் சங்கீதம் வராதப்பா" என்று அறை நண்பர்கள் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். ஒரு பாடம்கூட முழுதாகப் பெறாதவனைப் பரீட்சையில் தோற்றவன் என்று சொல்வது என்ன நியாயம்?

அவனுக்கு வேண்டியது ஒரு நல்ல புத்தகம். எந்த ஷிப்டு முடிந்து வந்தாலும் காத்திருக்கிற புத்தகம். அதுவும், ஆசிரியர் இல்லாமல் தானே தட்டுத் தடுமாறிக் கற்ற ஒருவர் எழுதிய புத்தகம்.

இதென்ன விபரீத யோசனை என்று வித்வான்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் கிடாரின் சரித்திரமே இவர்களுக்கு எதிர்ச்சாட்சி. நேப்பிள்ஸ் நகரில் 1770இல் பிறந்த பெர்டினாண்டோ காருல்லி முதலில் ஒரு பாதிரியாரிடம் செல்லோ கற்றார். இருபது வயதுக்குமேல் கிடார் பைத்தியம் பிடித்தது. ஊரில் கிடார் சொல்லித்தர ஆள் இல்லை, தாமே கற்றுக்கொண்டார். பிறகு பாரிஸுக்குக் குடியேறி, 1810 வாக்கில் ஆரம்ப மாணவர்களுக்காக ஒரு பாடநூல் வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது அச்சில் இருக்கிறது. தானே கற்றவர் என்றதும் ஏகலைவனை இழுத்துவருவது நம்மவர் வழக்கம். ஏகலைவன் கட்டை விரலைக் கொடுத்தான். பாடநூல் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. காருல்லி எழுதி வைத்தார்.

இன்னும் பொருத்தமானவர் அமெரிக்காவின் மெல் பே. மிசௌரி மாநிலத்தில் 1913இல் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் சியர்ஸ் ரோபக் கம்பெனியின் கிடார் ஒன்றை வாங்கினார். அவர் வளர்ந்த டி ஸோட்டோ என்ற சிற்றூரிலும் ஆசிரியர் கிடையாது. வாசிக்கத் தெரிந்த இரண்டொருவரின் விரல்களைப் பார்த்துப் பார்த்தே கற்றார். பின்னர் செயின்ட் லூயிஸ் நகரில் வாத்தியக் குழுக்களில் வாசித்து, வாரம் நூறு மாணவர்கள்வரை பயிற்றுவித்தார். கடையில் கிடைத்த பாடநூல்கள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தாமே எழுதினார், 1947இல் தாமே பதிப்பகமும் தொடங்கினார். புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிடார் ஆசிரியர்களிடம் காட்டி விற்றார். 1997இல் அவர் காலமானார். அந்தப் புத்தகங்கள் இன்னும் விற்பனையாகின்றன.

இவர்கள் புத்தகம் ஏன் நிற்கிறது? தானே கற்றவனுக்குத் தான் விழுந்த பள்ளம் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. ஐந்து வயதில் குருவின் மடியருகே உட்கார்ந்த வித்வானுக்கு, விரல் நுனி முதல் சில வாரங்கள் எரியும் என்பதே மறந்துபோயிருக்கும். புதியவனோ அந்த எரிச்சலைக் கண்டு, தன் கையில்தான் கோளாறு என்று பயப்படுகிறான். "எரியும், தோல் தடித்ததும் நின்றுவிடும், தினம் பதினைந்து நிமிஷம் போதும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்தச் சொல்லும் எப் கார்டு இருக்கிறதே, அதில் மனம் உடைந்து கிடாரை விற்றவர்கள் ஏராளம். எந்தப் பக்கத்தில் அதைக் கொண்டுவருவது என்பது, அதில் உதைபட்டவனுக்கே தெரியும்.

கைபேசியில் ஆயிரம் பாடம் இலவசமாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; கெட்டிக்காரனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அங்கே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம், முதல் பாடத்தை முடிக்காமலே முப்பதாவதைப் பார்க்கலாம். புத்தகத்தில் மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு நான்காம் பக்கம்தான். தவிர, நான்கு பேர் தங்கும் அறையில் இருவர் இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்குவார்கள். சத்தம் போடாமல் படிக்கலாம், மீட்டாமல் விரலை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பழகலாம்.

அந்தப் புத்தகம் தமிழில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், ஆரம்பப் பாடங்கள் தெலுங்கில் இருந்ததால் தமிழ்ப் பிள்ளைகள் பொருள் புரியாமல் திண்டாடுவதைக் கண்டு, தமிழிலேயே பயிற்சிப் பாட்டுகள் இயற்றி 1907இல் வெளியிட்டார். கிடாருக்கும் அந்தக் காரியம் நடக்கலாம். நம் காதுக்குப் பழகிய வழியும் கைவசம் இருக்கிறது. தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவதை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மெட்டாக மேலேற, பன்னிரண்டு ஸ்வர ஸ்தானமும் வரிசையாக வரும். ஐந்தாம் மெட்டில் சுத்த மத்திமம், ஏழில் பஞ்சமம், பன்னிரண்டில் மேல் ஸட்ஜமம். 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற மெட்டுகளைத் தொட்டால் மாயாமாளவகௌளை. அதாவது முதல் நாள் ஸரளி வரிசை, ஒரே தந்தியில்! ஏ, பி, ஸி என்று தொடங்கும் இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டு மிரளுகிறவன் இதைக் கண்டு மிரள மாட்டான்.

வித்வான்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. தானே கற்றவனிடம் கைப்பிழைகள் ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டை வளைத்துப் பிடித்தே பழகினால் பிறகு வலி வரும். அந்தப் பழக்கத்தை விடுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தவர்தான். ஆகவே இத்தகைய நூலை எழுதுகிறவர், கைப்படங்களை ஒரு தேர்ந்த ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். இருபதாம் பக்கத்தில், "இங்கே நிறுத்து, வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது ஒரு முறை உன் கையைக் காட்டிவிட்டு வா" என்று எழுதவும் வேண்டும்.

வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க விடுதி திறக்கப்பட்டது. அதுபோன்ற விடுதிகளின் படிப்பறையிலும், நெடுஞ்சாலை ஊர்களின் கிளை நூலகங்களிலும் அந்தப் புத்தகம் நாலு பிரதி கிடக்கட்டும். ஆனால் அச்சாபீசுக்குப் போகுமுன் ஒரு சோதனை வேண்டும். கையெழுத்துப் பிரதியின் நகலை, கிடாரைத் தொட்டறியாத பத்துத் தொழிலாளிகளிடம், ஒரு பென்சிலோடு கொடுக்க வேண்டும். ஒரு மாதம், யாரும் உதவக் கூடாது. புரியாத வரியின் கீழ் கோடு போட்டால் போதும். கோடு விழுந்த பக்கங்களை ஆசிரியர் மறுபடி எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுக்கட்டும்.