வாடகை அறையும் கிழமைக் கடனும்

2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் வன்னியில் ஒரு வீட்டுக்குத் தந்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். சாமான் விலை ஏற, நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்தவர்கள் எங்கட ஊர்களில் இருக்கினம். இப்ப அதே வளவில் ஓர் அறை கட்டி, மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கு வாடகைக்கு விடலாம் எண்டு யோசிக்கினம். நல்ல யோசனைதான். காசு?

காணி பெமிற்றில் இருக்கு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அதை நினைத்தமாதிரி ஈடுவைக்க ஏலாது. வங்கி கையை விரித்தால் படலைக்கு வருவது நுண்கடன்தான். வாடகை மாதத்துக்கு ஒருக்கா. தவணை கிழமைக்கு ஒருக்கா. அறை வெறுமையாய்க் கிடந்தாலும் தவணை நிக்காது.

அத்திவாரம் வெட்டமுதல் அந்தக் கணக்கைப் பாருங்கோ. அரசிடம் நாங்கள் கேக்கவேண்டியது இன்னொரு கடன்திட்டம் இல்லை, காணி உறுதி.