இருளர் தோட்டமும் நம் கடமையும்

புதுச்சேரியினின்று திண்டிவனம் செல்லும் சாலையிலே கிளியனூர் உளது. அதற்குக் கிழக்கே கழுவெளியும், அப்பால் மரக்காணத்து உப்பளங்களும் பரந்து கிடக்கின்றன. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உப்பு விளைவு நிற்கும். அளத்துக் கூலியும் உடன் நிற்கும். இப்பகுதி இருளர்க்கோ எப்பருவத்தும் உறுதியான வருவாய் இல்லை. நீர்நிலைகளில் மீன் பிடித்தும், சூளையிலும் பிறர் வயலிலும் கூலி செய்தும் பிழைப்போர் அவருட் பலர். இன்னோர்க்கு இயற்கை எருவினாற் காய்கறி பயிரிடக் கற்பித்தல் நற்பணி என்று பலரும் கூறுகின்றனர். யாமும் உடன்படுகின்றோம், ஆயினும் கற்பித்தலொன்றே போதும் என்பதை உடன்படோம்.

முறையைப் பற்றி எமக்கு ஐயமில்லை. சர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்து கம்போஸ்டு எரு செய்யும் முறையை வகுத்தார். மரம், கொடி, கோழி, நீர் யாவும் ஒன்றற்கொன்று துணையாகுமாறு அமைக்கும் ‘பெர்மாகல்ச்சர்’ என்னும் நெறியை 1978-இல் ஆஸ்திரேலியாவிற் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வெளியிட்டனர். 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளால் உப்பேறிய நாகப்பட்டினத்து வயல்களைத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கியுழுது மீட்க நம்மாழ்வார் வழிகாட்டினார். கிளியனூருக்குத் தென்கிழக்கே, 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், மழை அரித்த செம்மண் மேடு கரையிட்டு நீர் தேக்கியதனாற் காடாயிற்று.

நிற்க. இவ்விடங்களிலெல்லாம் மண் திருந்தும்வரை காத்திருக்க உழைத்தோர்க்கு நிலம் இருந்தது. மூடாக்கிட்டு மண்ணை வளமாக்கச் சில ஆண்டுகள் செல்லும். பட்டாவின்றி ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடியிருப்போன், நாளை எழுப்பப்படுவோமென அஞ்சுபவன், இன்று முருங்கைப் போத்து நடுவானோ? நடானாயின், அவனைச் சோம்பன் என்றல் முறையோ?

‘இருளர் வேட்டையாடி வாழ்ந்தோர், ஒரு தொழிலில் நிலையார்’ என்பர் சிலர். அது பொருந்தாது. பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டபின், 1978-இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், தம் பழைய அறிவைக்கொண்டே நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்து செய்வார்க்கு அளித்தனர். அவர் அறிவை மதித்து, உரிமமும் விலையும் உறுதிசெய்தபோது அவர் நிலைத்தனர். கீரையும் கிழங்கும் மூலிகையும் அறிந்த அம்மக்கள் தோட்டத்தில் நிலையார் என்பது எங்ஙனம்?

ஆகலின், உதவப் புகுவோர் முதற்கண் வேண்டுவது மனைப்பட்டாவும் சிறிது தோட்டநிலமும். அடுத்து, கோடையிலும் வற்றாத நன்னீர். பின்னரே விதையும் பயிற்சியும். விளைந்தபின் வாங்குவாரும் வேண்டும். அது நம்மால் இயல்வது. நம் விடுதி அடுக்களைக்கு நாடோறும் கத்தரியும் வெண்டையும் கீரையும் வாங்குகின்றோம். அவற்றுள் ஒரு பங்கை இத்தகைய தோட்டங்களினின்று நேர்விலைக்கு ஆண்டு முழுவதும் வாங்க உறுதிகூறின், ஒரு நாட் சென்று நாற்று நட்டுப் படமெடுத்து மீள்வதினும் அது பெரிதாம். பட்டா விண்ணப்பம் எழுதவும், அலுவலகந்தோறும் உடன்செல்லவும் மாணவரால் இயலும்.

வயலின் ஓரத்துக் கதிரை எளியவர்க்கு விடுமாறு மோசேயின் நியமம் பணித்தது. எளியவர்க்கே ஒரு வயல் உளதாகச் செய்தல் அதனினும் சிறந்த அறமென்பது எம் துணிபு.