பெயர்ச்சொல்லும் வினைமுற்றும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. பெற்ற பதவி அசையாது என்னும் நம்பிக்கையே அதன் கரு. 2022ஆம் ஆண்டு அந்நம்பிக்கையை உலுக்கிவிட்டது.

அவ்வாண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அரசு அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவிற்கு உயர்ந்தது. வெளிநாடு சென்று உழைப்பதற்கு 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெறலாமென அரசே தன் உத்தியோகத்தர்க்குச் சுற்றறிக்கை விடுத்தது. 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த ஓய்வு வயது மீண்டும் 60 ஆயிற்று. தனியார் துறையிலோ, பொருள் தட்டுப்பாட்டாற் கட்டட வேலைகள் பல நின்றன. தொழில் நாடி அவ்வாண்டிற் கடல் கடந்தோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அந்நாளில் என் பழைய மாணாக்கர் ஒருவர் பளைக்கு வந்தார். கொழும்பிலே கட்டட நிறுவனமொன்றில் முகாமையாளராயிருந்து வேலை இழந்தவர். வடக்கிலுள்ள கூட்டுறவுச் சங்கமொன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தை நீட்டி, "ஐயா, தமிழைத் திருத்தித் தாருங்கள்" என்றார். உதவி முகாமையாளர், முகாமையாளர், சிரேட்ட முகாமையாளர் என இரண்டு பக்கமும் பதவிப் பெயர்களே நிரம்பியிருந்தன.

"தம்பி, பெயர்ச்சொல் நிறைய உண்டு, வினைமுற்று ஒன்றேனும் இல்லையே. நீர் செய்தது என்ன?" என்றேன்.

சற்றுத் தயங்கியவர், பின்னர் ஒரு மணி நேரம் பேசினார். டீசல் கிடையாத கிழமைகளில் தொழிலாளரை முறைவைத்துப் பிரித்து வேலையைத் தொடர்ந்தமை, கடன் தந்த வணிகரோடு தவணை பேசியமை, கணக்கிலே கசிவு கண்டு அடைத்தமை ஆகிய யாவும் வெளிவந்தன. "இவற்றை எழுதும்" என்றேன்.

குற்றம் அவருடையதன்று. வகுப்பறையிலே, "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டவர் நாம், "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டோமில்லை. வள்ளுவரோ ஆளறிந்து பணி தருதலைக் கூறும் அதிகாரத்திற்குத் தெரிந்துவினையாடல் என்றே பெயரிட்டார். பதவி பிறர் தந்தது, அவரே மீட்டுக்கொள்ளலாம். செய்யும் ஆற்றல் நம்முடையது.

ஆதலின் நிலை தளர்ந்த உத்தியோகத்தர்க்குச் சில சொல்வேன். வேலை போனதை உற்றாரிடம் மறையாதீர்; அறியாதவர் உதவார். கையிருப்பு எத்தனை மாதம் குடும்பத்தைத் தாங்கும் என முதலிற் கணக்கிடுங்கள். எந்த வேலையை மறுக்கலாம் என்பதை அக்கணக்கே சொல்லும். முகவர் சொல்லை மட்டும் நம்பித் தென்னங்காணியை ஈடு வையாதீர். அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு பெற்றவரா என முன்னரே அறியுங்கள்.

சிறிய பதவியை ஏற்றால் மதிப்புக் குன்றும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொய்யென்று யான் கூறேன். ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் 2014 மார்ச்சில் புகையிரதம் பளை வரையே வந்தது. யாழ்ப்பாணம் செல்ல ஒக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் அவ்வண்டியை வேண்டாமென்று எவரும் ஒதுக்கவில்லை, ஏறியே வந்தோம்.

மாணாக்கர் முன்னையிலும் குறைந்த சம்பளத்திற்கு அச்சங்கத்திற் சேர்ந்தார். யானும் வகுப்பிற் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.